ஒன்பதாவது கேள்வி

வட்டைச்சேனை ஊர் ஒரு வருடமாக டொக்டரைக் கேட்டு மனுப் போட்டது. எண்பத்தாறாம் ஆண்டு மாசியில் மேலிடம் மனமிரங்கி ஒரு பெட்டியை அனுப்பி வைத்தது.

சும்மா சொல்லக்கூடாது, வடிவான பெட்டிதான். ஒரு பாடப்புத்தகம் அளவு. மேலே ஒற்றை வரி எழுத்து ஓடும் கண்ணாடி, கீழே பொத்தான்கள், பக்கத்தில் பஸ் டிக்கெட் அகலத்தில் கடதாசி தள்ளும் ஒரு வாய். கரண்ட் இல்லாத ஊர் என்பதால் கூடவே ஒரு லொறி பெற்றரி. கொழும்பிலிருந்து ஜீப்பில் வந்த ஜவுபர் என்ற இளம் அதிகாரி அதை மேசையில் வைத்துத் துணியை விலக்கியபோது மருந்தகத்துக்குள் மூச்சுவிட இடமில்லை. அன்று பாதி ஊர் வயலுக்கே போகவில்லை.

"இதுக்குப் பேர் கொம்பியூட்டர்" என்றார் ஜவுபர். "வெளிநாட்டுப் பெரிய டொக்டர்மார் இருபது பேரின் அறிவு இதுக்குள்ள இருக்கு. இனி டொக்டர் இல்லையெண்டு நீங்க கவலைப்படத் தேவையில்லை."

டொக்டர் இல்லாமல் போன கதையை அவரிடம் யாரும் எடுக்கவில்லை. முன்பு செவ்வாய் தோறும் டொக்டர் கனகரெத்தினம் வந்தார். போன வருடம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் பிரச்சினை வெடித்தது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் சில வீடுகள் எரிந்தன, அந்தப் பக்கம் தமிழரின் பல வீடுகள் எரிந்தன. அதோடு டொக்டர் வருவது நின்றது. பிறகு அவர் லண்டனுக்குப் போய்விட்டார் என்று கேள்வி. மருத்துவிச்சி செல்லத்தங்கமும் அந்தப் பக்கத்துக்காரிதான். ஊரில் பாதிப் பிள்ளைகளை வெளியே எடுத்த கை அவளுடையது. அவளும் வாய்க்காலைத் தாண்டி வருவதை விட்டுவிட்டாள். நல்ல வேலை செய்தோம் நாங்கள்!

எஞ்சியவன் அப்துல் கபூர் மட்டும்தான். மாத்திரை எண்ணிக் கொடுப்பவன், புண்ணுக்கு மருந்து கட்டுபவன். பாலமுனையில் பிறந்து, வட்டைச்சேனையில் கலியாணம் முடித்து, பன்னிரண்டு வருடம் கனகரெத்தினத்தின் பக்கத்தில் நின்றவன். "முதல்ல இமையைப் பாரும் ஐசே, பிறகு கதையைக் கேளும்" என்று டொக்டர் அவனைப் பிடித்துப் பிடித்துக் காட்டிக் கொடுத்திருந்தார். கீழிமையை இழுத்து இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பான். நகத்தை அழுத்திப் பார்ப்பான். நாடி பிடிப்பான். டொக்டர் போன பிறகு அந்தக் கொஞ்ச ஞானத்தை வைத்துத்தான் ஒரு வருடம் ஊரைச் சமாளித்தான். இது நமக்கு மிஞ்சியது என்று பட்டால் காரைப் பிடித்துக் கல்முனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவான்.

பெட்டி வந்ததும் அந்தப் பாரம் இறங்கியது. வேலை மிகச் சுகம். நோயாளி முன்னால் இருப்பார். பெட்டி இங்கிலீசில் கேட்கும், கபூர் தமிழில் கேட்பான். ஓம் என்றால் ஒரு பொத்தான், இல்லை என்றால் மற்றப் பொத்தான். பத்துப் பன்னிரண்டு கேள்விக்குப் பிறகு கடதாசி வெளியே வரும். என்ன நோய், என்ன மருந்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமா இல்லையா, எல்லாம் அதில் இருக்கும். தொட வேண்டாம், பார்க்க வேண்டாம். ஊர்ப் பெண்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முகத்தை மூடிக்கொண்டு இருந்தபடி பதில் சொல்லி மருந்தோடு போகலாம். மூன்று மாதத்தில் பெட்டி சொன்னது ஒன்றும் பிழையாகவில்லை. வரிப்பத்தான்சேனையிலிருந்துகூட மாட்டுவண்டி கட்டிக்கொண்டு சனம் வந்தது. மருந்துக்காரன் என்று கூப்பிட்டவர்கள் கபூரை டொக்டர் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாருடைய இமையையும் இழுத்துப் பார்த்து அவனுக்கு எத்தனையோ வாரமாகிவிட்டது.

வைகாசியில் ஊரின் பெரிய வயல்காரர் மீராசா போடியார் வீட்டில் நாற்பதாம் கத்தம் வந்தது. போடியாரின் மருமகன் முனாப், உழவு மெசினோடு வாய்க்காலுக்குள் புரண்டு மௌத்தாகி அன்றைக்கு நாற்பது நாள். முற்றத்தில் பந்தல், அடுப்பில் இரண்டு கிடாரம் சோறு, மண்டபத்தில் பாயில் முப்பது முப்பத்தைந்து ஆண்கள். உள்ளறையில் முனாபின் மனைவி, போடியாரின் மகள் முனவ்வறா இத்தாவில் இருந்தாள். இருபத்துநாலு வயது. நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆணின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அந்த அறையின் யன்னலுக்கும் சீலை, கதவுக்கும் சீலை.

ஓதி முடித்து, சஹன் தட்டைச் சுற்றி ஆறு ஆறு பேராக உட்காரப் போகும் நேரத்தில் மீராசா போடியார் வந்து கபூரின் தோளைத் தொட்டார்.

"மகன், புள்ளைக்கு விடிஞ்சதிலிரிந்து வகுத்துக்குத்து. உம்மாக்காரி பயப்பர்றா. அந்தப் பெட்டிய எடுத்து வந்து ஒருக்காப் பாருங்க."

கபூர் சைக்கிளில் போய்ப் பெட்டியையும் பெற்றரியையும் கட்டிக் கொண்டுவந்தான். உள்ளறை வாசலில் ஒரு கதிரை போட்டார்கள். பெட்டி வேலை செய்வதைப் பார்க்காதவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். சோற்றை விட்டுவிட்டு அத்தனை பேரும் வாசல் பக்கம் திரும்பிக் கொண்டார்கள். கதைச் சத்தம் அடங்கிவிட்டது. முனவ்வறாவின் தாய் சபியா உம்மா சீலையைப் பிடித்துக்கொண்டு பாதி உள்ளும் பாதி வெளியுமாக நின்றாள்.

கபூர் பொத்தானைத் தட்டினான். வயது, பெண், வயிற்றுவலி.

"குத்து மேல் வகுத்துலயா, அடி வகுத்துலயா?"

சபியா உம்மா உள்ளே குனிந்து கேட்டுவிட்டு, "அடியில. ஒரு பக்கமா" என்றாள்.

"சத்தி, வாந்தி எடுத்தாவா?"

"ஒருக்கா எடுத்தாள்."

"வகுத்தால போனதா?"

"இல்ல."

"காய்ச்சல்?"

"இல்ல மகன். மேல் சுடல்ல."

"தலைச்சுத்து?"

"ஓம், எழும்பினாச் சுத்துதாம். நாப்பது நாளா ஒழுங்காத் தின்னல்லயே அவள்."

இப்படி எட்டுக் கேள்வி போனது. ஒன்பதாவது கண்ணாடியில் வந்து நின்றது. மாதவிலக்குத் தள்ளிப் போயிருக்கிறதா?

கபூர் அதை ஒரு தடவை வாசித்தான். இன்னொரு தடவை வாசித்தான். மருந்தகத்தில் இந்தக் கேள்வி வந்தால் குரலைத் தாழ்த்திப் பட்டும்படாமலும் கேட்டுவிடுவான். இங்கே எப்படிக் கேட்பது? முதுகுக்குப் பின்னால் முப்பத்தைந்து ஆண்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள். முனாபின் தம்பிமார் இரண்டு பேர் சுவரோடு சாய்ந்து நிற்கிறார்கள். பக்கத்தில் பெண்ணின் தகப்பன் போடியார். உள்ளே இருப்பவள் புருசனைக் கபுறில் வைத்து நாற்பது நாள் ஆன பெண். அவளைப் பார்த்து, அதுவும் கத்தம் ஓதிய வாசலில் நின்றுகொண்டு, ஒரு ஆண்பிள்ளை இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பதா? யா அல்லாஹ், நாக்குத்தான் எழும்புமா?

பெட்டிக்கு வெட்கமும் இல்லை, அவசரமும் இல்லை. கேள்விக்கு முன்னால் ஒரு சிறிய கோடு மின்னி மின்னிக் காத்துக்கொண்டிருந்தது. தெரியாது என்பதற்கு அதில் பொத்தான் இல்லை. கேட்கவில்லை என்பதற்கும் இல்லை.

"என்ன டொக்டர், நிண்டிட்டா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள்.

புருசன் இல்லாத பெண்ணுக்கு அது எங்கே தள்ளிப் போகப் போகிறது என்று கபூர் தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டான். நாற்பது நாளைக்கு முன்னால் அவளுக்குப் புருசன் இருந்தான் என்பது அந்த நேரத்தில் அந்தப் புத்திசாலிக்குத் தட்டவில்லை. தட்டியும் அதைத் தள்ளிவிட்டானோ என்னவோ, பின்னால் எத்தனையோ தரம் யோசித்தும் அவனுக்கே பிடிபடவில்லை. இல்லை என்ற பொத்தானை அமுக்கினான்.

அதற்குப் பிறகு இரண்டே கேள்விதான். கடதாசி கிறுகிறுவென்று வந்தது. கபூர் கிழித்தெடுத்து எல்லாருக்கும் கேட்க வாசித்தான்.

"குடல் புண். வெள்ள மருந்து மூண்டு வேள. ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தேவல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று மண்டபம் முழுக்க ஒரு மூச்சு வந்தது. ஆட்கள் சஹன் பக்கம் திரும்பினார்கள். சபியா உம்மா மட்டும் சீலையை விடவில்லை.

"மகன், புள்ளட கை கால் குளிந்து கிடக்கு. நெத்தி வேர்க்கிது."

குளிர்ந்து வேர்க்கிற ஆளைக் கண்டால் கனகரெத்தினம் என்ன செய்வார் என்று கபூருக்குத் தெரியாதா? கதிரையை உதைத்துவிட்டு எழும்புவார். சீலையாவது கதவாவது, நேரே உள்ளே போய் இமையை இழுப்பார். ஆனால் பெட்டி அதைக் கேட்கவில்லையே. கேட்காத ஒன்றைத் தான் எடுத்து எங்கே போடுவது?

ஓத வந்திருந்த ஸைனுலாப்தீன் லெப்பை சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். "இஞ்ச பாருங்க போடியார், உசிருக்கு ஆபத்தெண்டா இத்தா ஒண்டும் தடையில்ல. கூட்டிப் போறதெண்டா யோசியாமக் கூட்டிப் போங்க" என்று பெரிய சத்தமாகவே சொன்னார்.

மீராசா போடியார் கபூரின் முகத்தைப் பார்த்தார். "கார் வாசல்லதான் நிக்கிது மகன். றோட்டுல ஆமிக்காரன் மறிச்சாலும் மறிக்கட்டும். ஏத்தெண்டா இப்பவே ஏத்துறன். என்ன செய்ய?"

"பெட்டி தேவல்ல எண்டு செல்லிது, போடியார்."

"பெட்டி செல்லிது. நீங்க என்ன செல்றீங்க?"

கடதாசி கபூரின் கையில் இருந்தது. காரில் ஏற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் ஒன்பதாவது கேள்விக்குப் போக வேண்டும்.

"நானும் அதத்தான் செல்றன்" என்றான்.

பிறகு அவனும் ஒரு சஹனில் உட்கார்ந்து சாப்பிட்டான். அதை நினைத்தால்தான் அவனுக்கு இன்றைக்கும் குமட்டும்.

பின்னேரம், அஸருக்குப் பாங்கு சொல்ல முன்னம் முனவ்வறா பேச்சுமூச்சில்லாமல் விழுந்தாள். ஆண்கள் பார்க்கிறார்கள் என்ற கதையெல்லாம் அப்போது எங்கே போனதென்று தெரியவில்லை. முனாபின் தம்பிமார்தான் அவளைப் பாயோடு தூக்கிக் காரில் போட்டார்கள். கபூர் முன் சீற்றில் ஏறினான். திரும்பிப் பார்த்தபோது அவளுடைய முக்காடு விலகியிருந்தது. கையை நீட்டிக் கீழிமையை இழுத்துப் பார்த்தான். பழைய பழக்கம், கை தானாகப் போனது. உள்ளே சுண்ணாம்பு வெள்ளை. ஒரு துளிச் சிவப்பு இல்லை. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "வேகமா விடுங்க, வேகமா விடுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தான். காவலரணில் ஆமிக்காரர்கள் காரைக் கால் மணி நேரம் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கேற்றுக்குள் கார் நுழையும்போது மீராசா போடியார் பின் சீற்றில் கலிமா சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்பதற்கு அவள் இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் பெண்பிள்ளை வெளியே வந்து கபூரை ஒரு பக்கமாகக் கூப்பிட்டாள். "கர்ப்பப்பைக்கு வெளியில தங்கின கரு. குழாய் வெடிச்சு வகுறு முழுக்க இரத்தம். மத்தியானம் கொண்டுவந்திருந்தாத் தப்பியிருப்பா. நீங்கதானே அந்த ஊர் மருந்தாளர்? ஒருத்தரும் இமையைப் பார்க்கல்லையா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று அந்தி மஃரிபுக்கே அடக்கிவிட்டார்கள். முனாபின் கபுறு மண் காயவில்லை, பக்கத்தில் இன்னொன்று. மறுநாள் காலையில் ஊர் இளைஞர்கள் பொல்லோடு மருந்தகத்துக்கு வந்தார்கள். "பேய்ப் பெட்டி புள்ளையக் கொண்டு போட்டு" என்று கத்தினார்கள். கபூர் வாசலில் நின்று தடுத்தான். அது அரசாங்கச் சாமான், கைவைத்தால் பொலிஸ் வரும் என்றான். பெட்டி கொன்றது என்று அவர்கள் சொன்னதை அவன் மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பது அன்றைக்கு மிகச் சுகமாக இருந்தது.

நாலாம் நாள் ஜவுபரின் ஜீப் வந்தது. அவர் கதவை மூடிக்கொண்டு பெட்டியின் பொத்தான்களைத் தட்டினார். அன்றைய கேள்வியும் பதிலும் அப்படியே கடதாசியில் வந்தன. ஆள் ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தார். ஒன்பதில் விரல் நின்றது.

"இந்தா இருக்கு. இல்லை எண்டு அமுக்கியிருக்கு. பொறுங்க, ஓம் எண்டு போட்டுப் பார்ப்பம்."

மற்றப் பதில்களையெல்லாம் அதே மாதிரி அமுக்கி, ஒன்பதுக்கு மட்டும் ஓம் கொடுத்தார். இந்த முறை பெட்டி மீதிக் கேள்விகளைக் கேட்கவேயில்லை. உடனே கடதாசியைத் தள்ளியது. கருக்குழாய் வெடித்திருக்கலாம், உயிராபத்து, இக்கணமே ஆஸ்பத்திரிக்கு. ஜவுபரின் முகத்தில் சந்தோசம். அந்த முகத்தை என்ன சொல்ல!

"பார்த்தீங்களா? மெசினில் ஒரு பிழையும் இல்லை. ஆர் இல்லை எண்டு சொன்னது? நோயாளியா?"

கபூருக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது. நான் என்ற ஒரு சொல்.

"உம்மாக்காரி" என்றான்.

ஜவுபர் அதை எழுதிக்கொண்டார். குடும்பத்தார் தவறான தகவல் கொடுத்தனர் என்று முடித்துக் கையெழுத்தும் வாங்கினார். இன்னும் பத்து ஊருக்குப் பெட்டி வரப்போகிறது என்றும், இந்தப் பக்கத்துக்கு டொக்டர் போடும் யோசனை இனி இல்லை என்றும் சொன்னார். போகும் வழியில் மீராசா போடியார் வீட்டில் ஜீப்பை நிறுத்தி, ஒன்பதாவது கேள்வியையும் பதிலையும் வாசித்துக் காட்டி, பெட்டி மீது குற்றமில்லை என்பதை அவருக்கும் விளக்கிவிட்டுத்தான் போனார். கடமை தவறாத மனிதர்!

அடுத்த கிழமை, வெயில் ஏறுகிற நேரம், மருந்தகத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். சபியா உம்மா வந்தாள். வரிசையில் நிற்காமல் நேரே மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு கிழமையில் ஆள் பாதியாகியிருந்தாள். கபூர் எழும்பிக் கதிரையைக் காட்டினான். அவள் இருக்கவில்லை.

"மகன், எங்கட மனிசன் என்னோட கதைக்கிற இல்ல. நான் சோறு போட்டாத் தின்ற இல்ல. நீதான் புள்ளையக் கொண்ட எண்டு செல்றார். முனாபுட ஆக்களும் அதத்தான் செல்றாங்க. நான் உங்களுக்கிட்டப் பொய் சென்னதாம்."

கபூர் மேசையிலிருந்த பெட்டியை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தான்.

"எனக்கு ஒண்டும் விளங்கல்ல. அதான் கேட்டுப் போக வந்த. மாதம் தள்ளிப் போனதா எண்டு நீங்க என்னக் கேட்டீங்களா?"

வரிசையில் இருந்த அத்தனை பேரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"இல்ல, மாமி."

"பெட்டி கேட்டதா?"

"ஓம். பெட்டி கேட்ட. நான்தான் கேக்காம, இல்ல எண்டு அமுக்கின."

சபியா உம்மா கத்தவில்லை. மாரில் அடித்துக்கொள்ளவும் இல்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அவள் எனக்குச் செல்லிருந்தாள் மகன். ரெண்டு மாசம் குளிக்கல்ல உம்மா எண்டு. முனாபு போன துக்கத்துல ஒருத்தருக்கும் செல்லாம வெச்சிருந்தம். நீங்க பெட்டியக் கொண்டு வந்து இரிந்த நேரம், உள்ளுக்குப் படுத்திரிந்து என்ட சீலையப் புடிச்சி இழுக்கிறாள், 'அதயும் செல்லுங்க உம்மா' எண்டு. நான்தான், 'பொறு புள்ள, அவர் கேப்பார், கேட்டாச் செல்றன்' எண்டன். அத்தின ஆம்பிளையள். நானா வாயத் தொறந்து எப்படிச் செல்ற? தேவையெண்டாக் கேப்பீங்க எண்டு காத்துக்கிட்டு நிண்டன். நீங்க கேக்கல்ல. அப்ப அது தேவல்லாத விசயமாக்கும் எண்டு நானும் நினைச்சிட்டன்."

மேசையில் இருந்த பெட்டியைக் கையால் காட்டினாள்.

"பெட்டி கேட்டிரிக்கி. நான் செல்ல நிண்டன். நடுவுல நீங்கதான் மகன் இரிந்த."

கபூருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்கும் அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டு வெட்கப்பட்டுத்தானே ஒரு உயிரைக் கொடுத்தாயிற்று.

"இத வந்து எங்கட மனிசனுக்கிட்டச் செல்லுங்க. நான் சென்னா நம்புற இல்ல."

"வாறன் மாமி. சனத்த அனுப்பிட்டு, பின்னேரம் வாறன்."

"பின்னேரம் எண்டா உங்களுக்கு வேற ஒரு ஞாயம் கிடைச்சிரும். இப்ப வாங்க."

அவள் திரும்பி வெயிலுக்குள் இறங்கினாள். கபூர் அவளுக்குப் பின்னால் நடந்தான்.